வார்டு கதவில் ஒட்டியிருக்கும் அந்தத் தாளை எடுங்கள்: மருத்துவமனை நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய மருத்துவக் கண்காணிப்பாளர் அவர்களுக்கும், நிலைய மருத்துவ அலுவலர் அவர்களுக்கும், செவிலியர் கண்காணிப்பாளர் அவர்களுக்கும்,

சென்ற வாரம் அம்மாவை ரிவ்யூவுக்காக உங்கள் மருத்துவமனைக்கு அழைத்து வந்தேன். ஓ.பி. முடிந்ததும், அவர் 23 நாள் படுத்திருந்த பெண்கள் வார்டில் ஒரு சிஸ்டரைப் பார்த்து நன்றி சொல்லிவிட்டு வரலாம் என்று மாடி ஏறினேன். வார்டு கதவில், பார்வையாளர் நேரம் எழுதிய பலகைக்குக் கீழே, புதிதாக ஒரு தாள் ஒட்டியிருந்தது. எழுந்திருக்க முடியாத நோயாளிகளைத் துடைத்துவிடுவது, வாய் சுத்தம் செய்வது, டயப்பர் மாற்றுவது, உடை மாற்றுவது எல்லாம் உடன் இருப்பவர்களின் பொறுப்பாம். செவிலியர்களின் நேரம் மருத்துவப் பணிக்கு மட்டுமாம். இதற்காக அவர்களை அணுகக் கூடாதாம். கீழே உங்கள் அலுவலக முத்திரை இருந்தது.

இரண்டு முறை படித்தேன். அதன் பிறகு சிஸ்டரைப் பார்க்கத் தோன்றவில்லை. இறங்கி வந்துவிட்டேன். அன்றிலிருந்து அந்தத் தாள் மனதை விட்டுப் போகவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

மருத்துவமனையின் பெயரை இதில் நான் எழுதவில்லை. எழுதினால் முதலில் விசாரிக்கப்படப் போவது அந்த வார்டில் வேலை பார்க்கும் சிஸ்டர்கள்தான் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கு இது உங்கள் மருத்துவமனை என்று படித்தவுடனே தெரிந்துவிடும். அது போதும்.

என் அம்மாவுக்கு வயது 67. மே மாதம், கத்திரி வெயில் நடக்கும்போது, ஒரு விடியற்காலையில் வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. வியாசர்பாடியிலிருந்து ஆம்புலன்சில் கொண்டு வந்தோம். உங்கள் டாக்டர்கள் உயிரைக் காப்பாற்றினார்கள். அதற்கு நான் என்றைக்கும் கடன்பட்டவன். அப்பா இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. நான் ஒரே பிள்ளை. அச்சகத்தில் பைண்டிங் வேலை. அந்தச் சமயத்தில் என் மனைவிக்குப் பிரசவமாகி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. கைக்குழந்தையோடு அவளால் வார்டில் வந்து தங்க முடியாது. ஆக, அம்மாவுடன் இருப்பவர் என்றால் அது நான் மட்டும்தான்.

அம்மா இருந்தது பெண்கள் வார்டு. இரவு எட்டு மணிக்கு மேல் ஆண்கள் உள்ளே இருக்கக் கூடாது. அது சரியான விதி. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்த விதியையும் இந்தப் புதுத் தாளையும் சேர்த்துப் படித்துப் பாருங்கள். இரவு எட்டிலிருந்து காலை ஆறு வரை என் அம்மாவைத் தொட்டுத் துடைக்க அந்தக் கட்டடத்தில் யாருக்கும் பொறுப்பு இல்லை என்று ஆகிறது. பத்து மணி நேரம்.

அந்தப் பத்து மணி நேரம் எப்படி இருக்கும் என்று நான் பார்த்திருக்கிறேன். நான் படியில், செருப்பைத் தலைக்கு வைத்துப் படுத்திருப்பேன். காலையில் கேட் திறந்ததும் ஓடுவேன். அம்மா நனைந்து கிடப்பார். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. கேட்டாலும் அவரால் சொல்ல முடியாது. என்னைப் பார்த்ததும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். மூன்றாம் நாள் காலையில் நானே மாற்றலாம் என்று போர்வையை விலக்கினேன். நல்லபடியாக இருந்த இடது கையால் அம்மா அந்தப் போர்வையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். விடவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் வழிகிறது, கை விடவில்லை. வீட்டில் நான் இருக்கும்போது முந்தானையைச் சரி செய்யாமல் கூடத்துக்கு வராதவர் என் அம்மா. அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்துத்தான் அன்றைக்கு நான் துடைத்தேன். அந்தக் காலையை நான் இன்னும் என் மனைவியிடம்கூட முழுதாகச் சொல்லவில்லை. இங்கே எழுதுவதற்குக் காரணம், "உடன் இருப்பவர்களின் பொறுப்பு" என்று டைப் அடித்தவர் அந்த வார்த்தைகளுக்குள் என்னென்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக.

நான் செய்ய மாட்டேன் என்று சொல்லவில்லை. பெற்ற தாய்க்குச் செய்ய எனக்கு என்ன கூச்சம்? எனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். தெரியாமல் செய்ததெல்லாம் தப்பாகச் செய்தேன். யூரின் டியூப் போட்டிருந்த அம்மாவைப் பின்னாலிருந்து முன்னால் துடைத்தேன். முன்னிருந்து பின்னால்தான் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் மலத்தில் இருக்கும் கிருமி சிறுநீர்ப் பாதைக்குப் போகும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. யூரின் பையைத் தரையில் வைத்தேன். கட்டிலில் கீழே சரிந்துவிட்டால் அக்குளில் கை கொடுத்து இழுத்து மேலே போட்டேன். அப்படி இழுக்கும்போது தோல் விரிப்போடு தேய்ந்து உள்ளுக்குள் கிழியும் என்பதும், வாதம் வந்த பக்கத்துத் தோள் மூட்டு நழுவலாம் என்பதும் தெரியாது. மூக்கில் டியூப் போட்டிருந்த நாளில் வாய் நாறுகிறதே என்று கொப்பளிக்கத் தண்ணீர் கொடுத்தேன். விழுங்க முடியாதவருக்கு அந்தத் தண்ணீர் நுரையீரலுக்குப் போகும். அம்மா இருமி இருமி முகம் நீலமாகிவிட்டது. பக்கத்துப் படுக்கைக்காரர்கள் கத்தியதும் சிஸ்டர் ஓடி வந்து ஒருக்களித்துப் படுக்க வைத்தார்.

ஆறாம் நாள் காய்ச்சல் வந்தது. யூரினில் இன்ஃபெக்ஷன் என்றார்கள். அது என் கையால்தான் வந்தது என்று யாரும் சொல்லவில்லை. டியூப் போட்டிருந்தாலே வரக்கூடியதுதான் என்று ஒரு டாக்டர் ஆறுதலாகச் சொன்னார். இருந்தாலும் நான் துடைத்த விதம் எனக்கு நினைவிருக்கிறதே.

ஒன்பதாம் நாள் மதியம் ஒரு சிஸ்டர் வந்தார். என்னைவிட வயதில் சின்னவர். அன்றைக்கு ஏதோ காரணத்தால் வார்டில் நோயாளிகள் கொஞ்சம் குறைவு. "அண்ணா, வெந்நீர் கிடைக்குமா பாருங்க" என்றார். வார்டில் வெந்நீர் வராது. நான் வெளியே டீக்கடைக்கு ஓடி, ஃபிளாஸ்கில் வாங்கி வந்து குழாய்த் தண்ணீரோடு கலந்தேன். வார்டுக்கு இருந்தது ஒரே ஒரு திரை. அதை அவரே தள்ளிக்கொண்டு வந்தார். மின்விசிறியை நிறுத்தினார். அப்புறம் அம்மாவிடம் குனிந்து, "அம்மா, உடம்பு தொடச்சு விடப்போறேன். பையன் இருக்கட்டுமா, வெளிய நிக்கட்டுமா?" என்று கேட்டார்.

அந்த ஒன்பது நாளில் அம்மாவிடம் ஒருவர் கேள்வி கேட்டது அதுதான் முதல் முறை. பேச முடியாதவரிடம் என்ன கேட்பது என்று எல்லோரும் என்னிடம்தான் கேட்டார்கள், நானும் பதில் சொன்னேன். அம்மா திரையைப் பார்த்தார். சிஸ்டர் புரிந்துகொண்டு, "மூஞ்சி, கை வரைக்கும் இருக்கட்டும். கத்துக்கணும்ல. அப்புறம் வெளிய அனுப்பிடறேன்" என்றார். அம்மா தலையை அசைத்தார்.

அப்படி நான் நின்று பார்த்ததைச் சொல்கிறேன். கண்ணை மூக்குப் பக்கத்திலிருந்து காதுப் பக்கமாகத் துடைத்தார். ஒவ்வொரு கண்ணுக்கும் துணியின் வேறு வேறு மூலை. மேலங்கியைக் கழற்றும்போது நல்ல கையை முதலில் விடுவித்தார். போடும்போது வாதம் வந்த கையை முதலில் நுழைத்தார். நான் எட்டு நாளாகத் தலைகீழாகச் செய்து அம்மாவை முனக வைத்திருந்தேன். கையை மணிக்கட்டிலிருந்து தோளை நோக்கித் துடைத்தார். எந்தப் பகுதியைத் துடைக்கிறாரோ அது மட்டும்தான் வெளியே தெரியும், மற்றதெல்லாம் விரிப்புக்குள். வாயைத் திறந்து டார்ச் அடித்தார். முதல் நாள்தான் டியூப் எடுத்து மசித்த இட்லி கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். வலது கன்னத்துக்குள், உணர்ச்சி இல்லாத பக்கத்தில், முந்தின இரவு நான் ஊட்டிய இட்லி அப்படியே ஒட்டியிருந்தது. நாக்கில் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருந்தது. "இது வெறும் அழுக்கு இல்ல, பூஞ்சை மாதிரி இருக்கு. டாக்டர்கிட்ட சொல்லணும்" என்றார். ஒருக்களித்துப் படுக்க வைத்து, சின்ன பிரஷை நனைத்துப் பிழிந்து தேய்த்து, துணியால் ஒற்றி எடுத்தார்.

அதன் பிறகு என்னை வெளியே அனுப்பினார். திரைக்கு இந்தப் பக்கம் அழுக்குத் தண்ணீரை வாங்கி ஊற்றிவிட்டு நல்ல தண்ணீர் கொடுப்பது என் வேலை. உள்ளே அவர் அம்மாவோடு பேசிக்கொண்டே இருந்தார். இப்ப முதுகு, இப்ப திரும்பறோம், இப்ப கால். கொஞ்ச நேரத்தில் பேச்சு நின்றது. "அண்ணா, கத்தரிக்கோல் எடுத்துட்டு வரச் சொல்லுங்க" என்று குரல் வந்தது.

அம்மாவின் வலது கணுக்காலில் திருஷ்டிக்காக ஒரு கருப்புக் கயிறு கட்டியிருந்தது. என் பாட்டி சொல்லிப் பழக்கிய வழக்கம். கட்டும்போது தளர்வாகத்தான் இருந்தது. படுத்த பிறகு அந்தக் கால் வீங்கி, கயிறு சதைக்குள் புதைந்து, சுற்றிலும் தோல் கன்றிப்போயிருந்தது. உணர்ச்சி இல்லாத கால், அம்மாவுக்கு வலிக்கவில்லை. கால் எப்போதும் போர்வைக்குள். தினமும் ரவுண்ட்ஸ் வந்த டாக்டர்கள் ரிப்போர்ட் பார்த்தார்கள், கண்ணில் டார்ச் அடித்தார்கள், கையைத் தூக்கச் சொன்னார்கள், பாதத்தைக் கீறிப் பார்த்துவிட்டுப் போர்வையை இறக்கினார்கள். நான் தினமும் துடைத்தேன், என் கண்ணிலும் படவில்லை. விரல் இடுக்கிலிருந்து மேலே ஒவ்வொரு அங்குலமாகத் தேய்த்துக்கொண்டு வந்த கைக்குத்தான் அது தட்டுப்பட்டது.

முதுகின் கீழே, இடுப்பு எலும்புக்கு மேலேயும் ஒன்று கண்டுபிடித்தார். நான் அதைப் பார்த்திருந்தேன், வேர்க்குரு என்று நினைத்துப் பவுடர் போட்டிருந்தேன். பக்கத்துப் படுக்கை அக்கா சொன்னார் என்று ஸ்பிரிட் போட்டுத் தேய்த்தும் விட்டிருந்தேன். படுக்கைப் புண் சிவப்பாக ஆரம்பிக்கும் என்று சொல்வார்கள். நம் நிறத்தில் சிவப்பு எங்கே தெரிகிறது? கொஞ்சம் கூடுதலாகக் கருத்து, தொட்டால் சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாக, கெட்டியாக இருக்கும். சிஸ்டர் புறங்கையால் தொட்டுப் பார்த்தார், விரலால் அழுத்தி எடுத்துப் பார்த்தார். நிறம் மாறவில்லை. "இது முதல் நிலை. இதைத் தேய்க்கவே கூடாது, உள்ள இன்னும் கெட்டுப்போகும். இந்த இடத்துமேல படுக்க வைக்காதீங்க" என்றார். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பக்கம் மாற்றுவது எப்படி, முதுகுக்குத் தலையணை முட்டுக்கொடுத்து லேசாகச் சாய்த்து வைப்பது எப்படி, குதிகால் கட்டிலைத் தொடாமல் கெண்டைக்காலுக்குக் கீழே துணி சுருட்டி வைப்பது எப்படி என்று கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தார். கடைசியாகத் தலை வாரினார். கொண்டை போட்டால் பின்தலை அழுந்தும் என்று இரண்டு பக்கமும் பின்னிவிட்டார். திரையை விலக்கினபோது அம்மா பள்ளிக்கூடப் பெண் மாதிரி இருந்தார். என்னைப் பார்த்தார். முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

எல்லாம் சேர்ந்து நாற்பது நிமிடம்.

ஐயா, அம்மா, அந்த நாற்பது நிமிடத்தில் ஒரு வாய்ப் பூஞ்சை, ஒரு படுக்கைப் புண்ணின் தொடக்கம், கால் ரத்த ஓட்டத்தை நெரித்த ஒரு கயிறு என மூன்றும் வெளியே வந்தன. மூன்றுக்கும் அன்றைக்கே மருந்தோ மாற்றோ கிடைத்தது. இது "மருத்துவப் பணி"யில் சேராது என்றால் வேறு எது சேரும்? அந்தப் புண் நான்காம் நிலை வரை போனால் எலும்பு தெரியும். அதற்குப் பிறகு ஆன்டிபயாடிக், டிரெஸ்ஸிங், அறுவை சிகிச்சை என்று எத்தனை வாரம் அந்தப் படுக்கையை அம்மா பிடித்திருப்பார் என்று நீங்கள்தான் எனக்குச் சொல்ல வேண்டும்.

என் மைத்துனி நர்சிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். அந்தத் தாளைப் பார்த்துவிட்டு வந்த அன்று இரவு அவளுடைய முதல் ஆண்டு நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். படுக்கையில் குளிப்பாட்டுதல், வாய்ப் பராமரிப்பு, முதுகுப் பராமரிப்பு, தலைக்குக் குளிப்பாட்டுதல், பிறப்புறுப்புச் சுத்தம் என்று ஒவ்வொன்றும் தனித்தனிப் பாடம். என்ன பொருள் எடுத்து வைக்க வேண்டும், எந்த வரிசையில் செய்ய வேண்டும், செய்யும்போது என்னென்ன கவனிக்க வேண்டும், முடிந்ததும் கேஸ் ஷீட்டில் என்ன எழுத வேண்டும் என்று பக்கம் பக்கமாக இருக்கிறது. ஒவ்வொன்றையும் ஆசிரியை முன்னால் செய்து காட்டிக் கையெழுத்து வாங்கியிருக்கிறாள். அந்த நோட்டில் வர்ஜீனியா ஹென்டர்சன் என்ற அமெரிக்க நர்ஸ் வகுத்த 14 அடிப்படைத் தேவைகள் எழுதியிருந்தன. மூச்சு, உணவு, கழிவு, அசைவு, தூக்கம் என்று வரும் அந்த வரிசையில் உடலைச் சுத்தமாக வைத்துத் தோலைக் காப்பதும் ஒன்று. பிரேடன் அளவுகோல் என்று ஒன்றும் இருந்தது. 1987இல் வெளிவந்தது. உணர்வு, ஈரம், நடமாட்டம், அசைவு, உணவு, உராய்வு என ஆறு விஷயங்களுக்கு மதிப்பெண் போட்டுக் கூட்டினால், யாருக்குப் படுக்கைப் புண் வரக்கூடும் என்று வருவதற்கு முன்பே சொல்லிவிடலாம். 18 அல்லது அதற்குக் கீழே போனால் ஆபத்து. என் அம்மாவுக்கு நானே உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். நான் கற்றவன் இல்லை, ஒன்றிரண்டு முன்பின் இருக்கலாம். எப்படிக் கூட்டினாலும் 12ஐத் தாண்டவில்லை. அம்மாவின் கேஸ் ஷீட் நகலில் அப்படி ஒரு கணக்கே இல்லை.

நம் ஊரில் இந்தப் படிப்பு நேற்று வந்ததும் இல்லை. இந்தியாவில் நர்சிங் பயிற்சி முறையாகத் தொடங்கிய இடங்களில் முதன்மையாகச் சொல்லப்படுவது மதராஸ் அரசுப் பொது மருத்துவமனை. ஆண்டு 1871. அதே நகரத்தில், நூற்றைம்பது ஆண்டுக்குப் பிறகு, சொல்லிக்கொடுத்துக் கையெழுத்து போட்டு அனுப்பிய வேலையை இனி செய்ய வேண்டாம் என்று ஒரு தாள் சொல்கிறது.

ஏன் இப்படி ஒரு தாள் ஒட்ட வேண்டி வந்தது என்பது எனக்குப் புரியாமல் இல்லை. இரவில் அந்த வார்டில் நான் எண்ணியிருக்கிறேன். நாற்பது படுக்கை, தரையில் பாய் போட்டவர்கள் தனி. சிஸ்டர்கள் இரண்டு பேர். சில இரவு ஒருவர். ஊசி, டிரிப், பி.பி., சர்க்கரை, புது அட்மிஷன், ஸ்கேனுக்கு அனுப்புவது, அத்தனையையும் நோட்டில் எழுதுவது. பொது வார்டில் ஆறு நோயாளிக்கு ஒரு நர்ஸ், தீவிர சிகிச்சையில் ஒருவருக்கு ஒருவர் என்று பணியிடம் கணக்கிட நம் நாட்டில் அளவு வகுத்திருக்கிறார்கள். நாற்பதுக்கு இரண்டு என்பது அதில் எங்கே பொருந்துகிறது? அதிலும் பலர் ஒப்பந்தப் பணியாளர்கள். 2017 நவம்பரில் தேனாம்பேட்டையில், அரசு மருத்துவத் துறை இயக்குநரகம் இருக்கும் டி.எம்.எஸ். வளாகத்தில் ஒப்பந்த நர்ஸ்கள் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்து போராடியபோது அவர்களின் தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். அந்தச் செய்தியை நான் அன்றைக்குப் பத்திரிகையில் படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பியவன்தான். என் அம்மா படுத்த பிறகுதான் அவர்கள் கேட்டது எனக்காகவும் என்று தெரிந்தது.

எனவே இந்த மடலை வைத்து எந்த சிஸ்டருக்கும் மெமோ கொடுத்துவிடாதீர்கள். ஐம்பது ரூபாய் கொடுத்தால்தான் விரிப்பு மாற்றுவேன் என்ற வார்டு பணியாளரைப் பற்றியும் நான் இங்கே புகார் எழுதவில்லை. அந்தப் பெண்ணும் ஒப்பந்த ஆள், அவருக்கும் மூன்று வார்டு. ஆள் போதவில்லை என்பதுதான் நோய். அதை மேலிடத்துக்கு எழுதிக் கேட்க வேண்டிய நீங்கள், அந்தச் சுமையை அப்படியே எடுத்துப் படியில் படுத்திருக்கிற உறவினரின் தலையில் வைத்துவிட்டீர்கள்.

நோயாளியைச் சொந்தக்காரர்கள் பார்த்துக்கொண்டால் பாசமாகப் பார்ப்பார்கள், நம் பண்பாடே அதுதானே என்று உங்களில் யாராவது சொல்லலாம். பாசத்துக்குக் குறைவில்லை. இன்றைக்கும் வீட்டில் அம்மாவுக்கு நான்தான் பல் தேய்த்து, முகம், கை, கால் துடைக்கிறேன். மற்றதை என் மனைவி செய்கிறாள். அந்தப் புண் ஆறிவிட்டது. புதிதாக ஒன்றும் வரவில்லை. காரணம், ஒரு நர்ஸ் ஒருநாள் நாற்பது நிமிடம் எனக்குக் காட்டிக்கொடுத்தார். 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டத்தில் வீட்டுக்கு வரும் நர்ஸ் அம்மாவும், பி.பி. பார்ப்பதற்கு முன்னால் போர்வையை விலக்கிக் குதிகாலைத்தான் முதலில் பார்க்கிறார். வியாசர்பாடி சந்துக்குள் தேடி வந்து ஒரு நர்ஸ் செய்கிற வேலையை, வார்டுக்குள்ளேயே இருக்கும் நர்ஸிடம் கேட்கக் கூடாது என்றால் அது எப்படிச் சரியாகும்?

பாசம் காட்ட ஆளே இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்? அம்மாவுக்கு நான்கு படுக்கை தள்ளி ஒரு பாட்டி இருந்தார். யாரோ ரோட்டில் விழுந்து கிடந்தவரைக் கொண்டு வந்து சேர்த்தது. அவரைப் பார்க்க ஒருவரும் வரவில்லை. பக்கத்தில் இருந்த பெண்கள், தங்கள் வீட்டு நோயாளியைத் துடைத்த கையோடு அவரையும் துடைத்துவிட்டார்கள். ஒருத்தர் தன் நைட்டியைக் கொடுத்தார். அந்தப் பெண்கள் டிஸ்சார்ஜ் ஆகிப் போன வாரம், பாட்டியின் படுக்கைப் பக்கம் நடக்க முடியவில்லை. ஈ மொய்த்தது. நான் ஆண், அருகில் போய்ச் செய்ய முடியாது. சிஸ்டரிடம் சொன்னேன். அவர் டியூட்டி முடிந்து, வெளியே போகும் உடையில் வந்து செய்துவிட்டுப் போனார். அந்தப் பாட்டிக்கு உங்கள் தாளில் எந்த வரி இருக்கிறது?

தேசிய மனித உரிமை ஆணையம் 2018இல் தயாரித்த நோயாளி உரிமைச் சாசனத்தில் மனித கண்ணியமும் அந்தரங்கமும் ஓர் உரிமையாக எழுதப்பட்டிருக்கின்றன. நாற்பது பேருக்கு ஒரே திரை இருக்கும் வார்டில் அந்த உரிமையை எப்படிக் காப்பாற்றுவது என்று யோசித்துப் பாருங்கள்.

இனி நான் கேட்பவை.

முதலில் அந்தத் தாளை எடுத்துவிடுங்கள். வார்த்தையை மாற்றி ஒட்டுவது போதாது. எழுந்திருக்க முடியாத நோயாளியின் உடல் சுத்தம் செவிலியர் பணி, குடும்பத்தினர் அதில் உதவலாம் என்று எழுத்தில் அறிவியுங்கள். செய்து முடிப்பது யாராக இருந்தாலும், தினமும் ஒரு முறையாவது உச்சந்தலையிலிருந்து குதிகால் வரை ஒரு நர்ஸின் கண்ணும் கையும் அந்த உடம்பில் பட வேண்டும். சேர்க்கும் நாளிலேயே படுக்கைப் புண் ஆபத்தைக் கணக்கிட்டுக் கேஸ் ஷீட்டில் எழுத வேண்டும். வாயைத் திறந்து பார்த்ததா, பக்கம் மாற்றியதா என்பதும், பி.பி. எழுதுவது போல, நேரம் போட்டு எழுதப்பட வேண்டும்.

பெண்கள் வார்டில் இரவு நேரத்துக்கென்று, இந்த வேலைக்காகவே, பயிற்சி பெற்ற பெண் உதவியாளர்களை நியமியுங்கள். சிஸ்டர் சொல்லச் செய்யும் ஆட்களாக அவர்கள் இருக்கட்டும். உடன் யாருமே இல்லாத நோயாளிகளின் பட்டியலை ஒவ்வொரு ஷிஃப்டிலும் ஒரு சிஸ்டரின் பெயருக்கு எதிரே எழுதி ஒப்படையுங்கள். அதற்கு ஏற்றபடி அவருடைய மற்ற வேலையைக் குறையுங்கள்.

வார்டுக்குக் குறைந்தது ஆறு திரை வாங்குங்கள். வெந்நீருக்கு ஒரு வழி செய்யுங்கள். பேசின், சின்ன பிரஷ், துடைக்கும் துணி, மாற்று விரிப்பு, குதிகாலுக்கும் முதுகுக்கும் வைக்கத் தலையணை. நீங்கள் ஒரு ஸ்கேன் மெஷினுக்குக் கேட்கும் தொகையில் இவை ஒரு மூலைக்குக்கூடக் காணாது.

டிஸ்சார்ஜ் அன்று மருந்துச் சீட்டைக் கொடுப்பதோடு விடாமல், வீட்டில் பார்த்துக்கொள்ளப் போகிறவரை அழைத்துக் குளிப்பாட்டுவது, பக்கம் மாற்றுவது, டியூப் சுத்தம் எல்லாவற்றையும் ஒரு முறை கையால் செய்ய வைத்து அனுப்புங்கள். அந்த ஒன்பதாம் நாள் முதல் நாளாகவே இருந்திருந்தால் என் அம்மா பட்ட பாட்டில் பாதி பட்டிருக்க மாட்டார்.

காலியாக இருக்கும் நர்ஸ் பணியிடங்கள் எத்தனை, ஒவ்வொரு ஷிஃப்டிலும் எத்தனை பேருக்கு எத்தனை நர்ஸ் என்பதைத் துறைக்கு எழுதுங்கள். எழுதிய கடிதத்தின் நகலை, இப்போது அந்தத் தாள் இருக்கும் அதே கதவில் ஒட்டுங்கள். அந்தக் கடிதத்துக்கு ஆதரவாகக் கையெழுத்து வாங்கித் தரச் சொன்னால், படியில் என்னோடு படுத்திருந்த அத்தனை பேரிடமும் நான் வாங்கித் தருகிறேன். அவர்களுடைய போன் நம்பர் என்னிடம் இருக்கிறது.

அடுத்த மாதம் இரண்டாவது வியாழக்கிழமை அம்மாவை மறுபடி ரிவ்யூவுக்கு அழைத்து வருகிறேன். இப்போது பிடித்துக்கொண்டு பத்து அடி நடக்கிறார். வார்டுக்கு வந்து அந்த சிஸ்டரைப் பார்க்க வேண்டும் என்று கையைக் காட்டிக் காட்டிச் சொல்கிறார். அவரை அந்தக் கதவு வழியாகத்தான் உள்ளே கூட்டிப் போக வேண்டும். அதற்குள் உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
17ஆம் படுக்கையில் இருந்த அம்மாவின் மகன்,
வியாசர்பாடி, சென்னை